செய்திக்குறிப்பில் ஒரு வரி

அத்தியாயம் 14

சாப்பாட்டு மேசையின் மேல் அந்தக் காகிதம் அப்படியே கிடந்தது. முந்தின நாள் மாலை மகள் அக்ஷயா வைத்த இடத்திலிருந்து யாரும் அதை நகர்த்தவில்லை. லட்சுமணசாமி இட்லித் தட்டை அதன் மேல் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

நாலு வருடத்துக்கு முந்தைய அரசுச் செய்திக்குறிப்பு அது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் யானை மிதித்து இறந்த யூனுஸ் என்பவர், ‘தடையை மீறி வனப்பகுதிக்குள் நுழைந்தபோது’ தாக்கப்பட்டதாக அதில் ஒரு வரி. கீழே செய்திச் செயலாளரின் கையெழுத்து: சாந்தாமணி.

யூனுஸின் மனைவி ரம்ஜான் பீவி நிவாரணம் கேட்டுப் போட்ட வழக்கை நடத்தும் வக்கீலிடம்தான் அக்ஷயா ஜூனியராக இருக்கிறாள். வழக்குக் கட்டைப் புரட்டியபோது அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தவள், நேராகக் கிணத்துக்கடவு வீட்டுக்கு வந்து, “இது நெசங்களா அம்மா?” என்று கேட்டாள். சாந்தாமணி பதில் சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதோடு போன அத்தியாயம் முடிந்திருந்தது.

காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தது. சாந்தாமணி குளித்து, வெளியே போகிற சேலை கட்டியிருந்தார்.

“அக்ஷயா எந்திரிச்சுட்டாளாங்க?”

“ஆறு மணி பஸ்ஸுக்கே போயிருச்சு. சீனியர் வரச் சொன்னாராம்,” என்றார் லட்சுமணசாமி.

“ஏதாச்சும் சொன்னாளா?”

“ஒண்ணுஞ் சொல்லுல. சாப்பிடாமப் போச்சு.”

லட்சுமணசாமி தென்னந்தோப்புக்காரர். தோப்பை ஒட்டியே கொப்பரைக் களமும் வைத்திருக்கிறார். மனைவி சென்னையில் வேலை பார்த்த பதினொரு வருடத்தில் அவர் அங்கே போனது ஆறோ ஏழோ தடவைதான். ஆனால் மனைவி பேசிய தொலைக்காட்சி விவாதம் ஒன்றைக்கூட விட்டதில்லை. களத்தில் தேங்காய்க் குவியலின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வேலைக்கு வந்தவர்களையும் கூப்பிட்டு வைத்துப் பார்ப்பார். வேலை சம்பந்தமாக மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

“அந்த வரிய நீதான் எழுதுனயா?”

“நான்தாங்க.”

“நெசமா அது?”

“இல்லீங்க. அந்தாளு காட்டுக்குள்ள போகவே இல்ல. தோட்டத்துப் பாதையிலதான் செத்தாரு. எனக்கு அன்னிக்குக் காலையிலயே தெரியும்.”

லட்சுமணசாமி எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகு நேரம் ஓடியது.

சாந்தாமணியை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். இருபத்து மூன்று வயதில் கோவையில் ஒரு மாலைப் பத்திரிகையில் சேர்ந்து, மொபெட்டில் மில் வாசல் மில் வாசலாகப் போய்ச் செய்தி எழுதியவர் அவர். பிறகு அரசு வேலை. தாராபுரத்தில் உதவி மக்கள் தொடர்பு அலுவலராக இருந்தபோது அமராவதியில் வெள்ளம் வந்தது. ஐம்பது பேர் செத்துப்போனதாக ஊரெல்லாம் பேச்சு. அலுவலகக் கணக்கில் இரண்டு பேர். சாந்தாமணி சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, முகாம் முகாமாகப் போய்க் கேட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு ‘ஐந்து பேர்’ என்று பெயர்களோடு அறிவித்தார். இரண்டென்று சொன்ன மேலதிகாரி ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. வதந்தி அன்றைக்கே அடங்கிவிட்டது.

அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் பெரியவர் அவரைத் தேடிப் பிடித்தார். அன்றைய முதலமைச்சரை எல்லாரும் அப்படித்தான் அழைப்பார்கள். பின்னாளில் அரசின் செய்திச் செயலாளர் நாற்காலி சாந்தாமணிக்கு வந்தது. எந்த நிருபர் கூப்பிட்டாலும் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார். திட்டி எழுதினவர்களையும் அப்படித்தான்.

ஆட்சி மாறியதும் ஊர் திரும்பினார். தொலைக்காட்சிகள் அரசியல் விமர்சகராக அழைத்தன. நாலு பேர் கத்திக்கொண்டிருக்கும்போது பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவர்கள் ஓய்ந்த பிறகு இரண்டு நிமிடம் பேசுவார். தெரியாததைத் தெரியாது என்பார். அடுத்த வாரம் விசாரித்துக்கொண்டு வந்து அதைச் சொல்வார். பொள்ளாச்சிச் சந்தையில்கூட, “அந்தம்மா என்ன சொல்லுச்சு?” என்று கேட்கிற அளவுக்கு அவர் பேச்சுக்கு மதிப்பு வந்திருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கும் ஒரு விவாதம் இருந்தது. தலைப்பு, ஊருக்குள் வரும் யானைகள்.

ஒன்பது மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சாந்தாமணிக்குக் கீழே வேலை பார்த்து, இப்போது பெரியவர் கட்சியின் ஊடகப் பிரிவில் இருக்கும் கிருபாசங்கர் இறங்கினார்.

“ஏனுங்க மாமா, சௌக்கியங்களா?” என்று லட்சுமணசாமியைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். “அக்கா, நல்ல சேதியோட வந்திருக்கேங்க. கட்சிக்கு உங்களைச் செய்தித் தொடர்பாளராப் போடறதா முடிவாகியிருக்கு. அடுத்த வாரம் அறிவிப்பு வருது. எலெக்‌ஷன்ல சீட்டும் உண்டுங்க.”

“இன்னைக்கு ஏன் வந்தே கிருபா? அதைச் சொல்லு.”

கிருபாசங்கர் காப்பியை ஒரு வாய் குடித்தார். “அந்த யூனுஸ் கேஸ் மறுபடி கெளம்பியிருக்குதுங்க. சாயங்காலம் டிவியில கேட்டாலும் கேப்பாங்க. கேட்டா, மாவட்டத்துல இருந்து வந்த தகவலத்தான் போட்டோம்னு சொல்லிப்போடுங்க. அதோட முடிஞ்சுது.”

“மாவட்டத்துத் தகவல்ல தோட்டம்னுதானே இருந்துச்சு? நீ போன் பண்ணி மாத்தச் சொன்னே. நான் மாத்துனேன்.”

“நானாச் சொல்லலீங்க்கா. பெரியவர் சொன்னதச் சொன்னேன். யானை ஊருக்குள்ள வராம இருக்க அகழி வெட்டி முடிஞ்சுதுன்னு அவர் மேடையில பேசி மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு. அந்தத் தோட்டத்துக்குப் பின்னாடி மட்டும் முடியாமக் கெடந்தது. தோட்டத்துல செத்தார்னு போட்டா அவர் முகத்த எங்க கொண்டு போய் வைக்கறது?”

சாந்தாமணி சாப்பாட்டு மேசைப் பக்கம் பார்த்தார்.

“உங்களைப் பெத்த மகளாட்டம் வெச்சிருந்தாருங்க. இப்ப ஒடம்பு வேற சரியில்ல,” என்றார் கிருபாசங்கர் தணிந்த குரலில்.

“காப்பி ஆறுதுங்க, குடிங்க,” என்று குறுக்கிட்டார் லட்சுமணசாமி. வந்தவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, “வெயிலுக்கு முன்னாடி பொறப்படுங்க தம்பி. ரோட்டு வேலை நடக்குது,” என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் உட்கார முடியாது என்பது கிருபாசங்கருக்குப் புரிந்தது.

கார் போன பிறகு சாந்தாமணி மகளுக்குப் போன் செய்தார்.

“கண்ணு, ரம்ஜான் பீவி ஊடு எங்க இருக்குது?”

“எதுக்குங்கம்மா?”

“பார்க்கணும்.”

“கேஸ் நடக்கறப்ப நீங்க அவங்களப் பார்க்கறது சரியில்லைங்கம்மா.”

“கேஸப் பத்திப் பேசப் போகல. சாயங்காலம் டிவியில நான் உண்மையச் சொல்லப் போறேன். ஊரோட சேர்ந்து அவங்களும் டிவியப் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. மொதல்ல அவங்க மூஞ்சியப் பார்த்து நான் சொல்லணும்.”

“சீனியர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேங்க,” என்று வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் முகவரி வந்தது. கூட வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

கோட்டைமேட்டில் கார் நுழையாத சந்து. தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு லட்சுமணசாமியும் கூடவே நடந்தார். தையல் மிஷின் சத்தம் கேட்ட வீட்டின் முன்னால் சாந்தாமணி நின்று, “ஏனுங்க” என்று குரல் கொடுத்தார்.

ரம்ஜான் பீவிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் பாதி தைத்த நைட்டி. டிவியில் பார்த்த முகம் என்பதால் சாந்தாமணியை உடனே தெரிந்துகொண்டார். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சாந்தாமணி உட்காரவில்லை.

“உங்க வீட்டுக்காரர் காட்டுக்குள்ள போனாருன்னு கவர்மென்ட்டு சொல்லுச்சில்லீங்களா? அதை எழுதினது நான்தானுங்க. அது பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும்.”

ரம்ஜான் பீவி நின்றபடியே இருந்தார். உள்ளேயிருந்து காலேஜ் படிக்கும் மகள் இஃப்ரா எட்டிப் பார்த்தாள்.

“எழுதறப்ப எங்கள நெனைச்சீங்களாம்மா?” என்று கேட்டார் ரம்ஜான் பீவி.

“நெனைச்சேன்னு சொன்னா அதும் பொய்தாங்க. ஒரு பேருதான் எனக்குத் தெரியும். அதுக்குப் பின்னாடி ஒரு ஊடு இருக்குது, ஒரு பொண்ணு இருக்குதுன்னு நெனைக்காமத்தான் எழுதுனேன். நெனைச்சிருந்தாக் கை வந்திருக்காது.”

“விடியக்காலைல இலைக்கட்டு ஏத்தப் போனாரு. வாரத்துல நாலு நாள் போற தோட்டம்.” ரம்ஜான் பீவியின் குரல் உயரவில்லை. “பேப்பர்ல அப்படி வந்ததும், சந்தன மரம் வெட்டப் போனாராக்கும்னு பேசினாங்க. இவ பத்தாவது படிச்சா அப்போ. கிளாஸ்ல ஒரு புள்ள கேட்டுருச்சு, உங்கத்தா திருடப் போய்த்தானே செத்தாருன்னு. அதோட அந்த ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னுட்டா. வேற ஸ்கூல்ல சேர்த்தேன்.”

சாந்தாமணியால் இஃப்ராவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு பார்த்தார். அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளாமல் நின்றாள்.

“மன்னிச்சுக்கங்கன்னு கேக்க வந்தீங்களா?”

“இல்லீங்க. அதைக் கேக்கற நெலமைல நான் இல்ல. இன்னைக்கு ஆறு மணிக்கு டிவியில சொல்லுவேன். கோர்ட்டுலயும் வந்து சொல்லுவேன். அதை மொதல்ல உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

தையல் மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு ரம்ஜான் பீவி யோசித்தார்.

“யூனுஸ்னு மட்டும் சொல்லாதீங்க. வாழை இலை வியாபாரி யூனுஸ்னு சொல்லுங்க. அப்பத்தான் மார்க்கெட்ல எல்லாத்துக்கும் வெளங்கும்.”

“சரிங்க.”

ரம்ஜான் பீவி டீ குடிக்கச் சொல்லவில்லை. வாசல்வரை வரவும் இல்லை. சாந்தாமணி சந்திலிருந்து வெளியே வந்து காரில் ஏறினார். ஏறியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். லட்சுமணசாமி வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அழுகை அடங்கியதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

“மூஞ்சியக் கழுவிக்க அம்மணி. நேரமாச்சு.”

ஸ்டுடியோவில் நெறியாளர் பிரீத்திகா, யானை வழித்தடத்திலிருந்து பேச்சை ஆரம்பித்தாள். விவசாயச் சங்கத்துக்காரர் பேசினார். ஆளுங்கட்சிப் பேச்சாளர் போன ஆட்சியைக் குறை சொன்னார். பிறகு பிரீத்திகா இந்தப் பக்கம் திரும்பினாள்.

“மேடம், அகழி வெட்டின விஷயத்துல போன ஆட்சி சொன்னதெல்லாம் உண்மைதானா?”

சாந்தாமணி கையில் குறிப்பு எதுவும் வைத்திருக்கவில்லை.

“இல்லீங்க. முடியாத அகழியை முடிஞ்சதாச் சொன்னோம். அதுக்கு மூணு நாள் கழிச்சு, கோட்டைமேட்டைச் சேர்ந்த வாழை இலை வியாபாரி யூனுஸ், தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில யானை மிதிச்சு இறந்துட்டாரு. வந்த தகவல்ல தோட்டம்னுதான் இருந்துச்சு. அதை அடிச்சுட்டு, காட்டுக்குள்ள நுழைஞ்சாருன்னு எழுதினேன். அதுக்கப்புறம் போட்ட காகிதம் எல்லாத்துலயும் அதே வரிதான் வந்துச்சு. அவர் குடும்பத்துக்கு நிவாரணம் கெடைக்காமப் போனதுக்கும் அந்த வரிதான் காரணம். அவர் எந்தச் சட்டத்தையும் மீறல. தன்னோட வேலைக்குப் போனாரு. பொய் சொன்னது நான்.”

பிரீத்திகா அடுத்த கேள்விக்கான தாளைக் கையில் எடுத்திருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆளுங்கட்சிப் பேச்சாளர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். “நாலு வருஷமா இந்த ஞானம் எங்க போயிருந்துச்சு? பதவில இருந்தவரைக்கும் வாயைத் தொறக்கல. இப்ப வந்து நல்லவங்க வேஷமா?”

“நீங்க சொல்றது சரிங்க,” என்றார் சாந்தாமணி.

சண்டைக்குத் தயாராக முன்னால் சாய்ந்திருந்த மனிதர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

“நாலு வருஷம் லேட்டுதான். அதுக்கு எங்கிட்ட ஒரு சமாதானமும் இல்ல. இத்தனை நாளா நான் பேசினத நம்பிக் கேட்டவங்க, இனிமே நம்பணும்னு கட்டாயம் இல்லீங்க. அதை அவங்களே முடிவு பண்ணட்டும்.”

“மாத்தி எழுதச் சொன்னது யாரு மேடம்?” பிரீத்திகாவின் குரல் இறங்கியிருந்தது.

“கோர்ட்டுல கேட்டாச் சத்தியம் பண்ணிச் சொல்றேன். இங்க இன்னொருத்தர் பேரைச் சொன்னா, நாளைக்கு எல்லாரும் அவரப் பத்தித்தான் பேசுவாங்க. மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. எழுதினது இந்தக் கைதான்.”

நிகழ்ச்சி முடிந்ததும் சேனல் ஆசிரியர் ஓரமாக அழைத்துப் போனார். வாராவாரம் புதன்கிழமை சாந்தாமணி தனியாகப் பேசும் அரை மணி நேரத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாம் என்றார். சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருந்தது.

“அதான் சரிங்க,” என்று சொல்லிவிட்டு சாந்தாமணி வெளியே வந்தார்.

கார் அருகே அப்பாவும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்ஷயா கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தாள்.

“கேஸ்ல இருந்து நான் விலகிட்டேங்கம்மா. சாட்சியோட பொண்ணு அதே கேஸ்ல நிக்கறது சரியா வராதுன்னு சீனியர் சொல்லிட்டாரு.”

அது அவளுடைய முதல் பெரிய வழக்கு. மூன்று மாதமாக அதற்காகவே உழைத்திருந்தாள்.

“எம்மேல கோவமா கண்ணு?”

“நேத்து இருந்துச்சுங்க. இன்னைக்கும் கொஞ்சம் இருக்குது.” அக்ஷயா கோட்டை மடித்து அம்மாவின் கைப்பைக்கு மேல் வைத்தாள். “அந்தாளு வேஷமான்னு கேட்டப்ப, நீங்க சொல்றது சரிங்கன்னீங்களே. எங்க ஆபீஸ்ல அத்தனை பேரும் டிவி முன்னாடிதான் இருந்தோம். அப்புறம் சீனியர் திரும்பி, ‘உங்கம்மாதானே?’ன்னு என்னைக் கேட்டாரு. ஆமாங்கன்னு சொன்னேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அந்த ‘ஆமாங்க’வைச் சொல்லும்போது அவள் கழுத்து நிமிர்ந்ததை லட்சுமணசாமி பார்த்தார். பார்த்துவிட்டு, “பசிக்குது, ரெண்டு பேரும் ஏறுங்க,” என்றார்.

கார் உக்கடத்தைத் தாண்டும்போது சாந்தாமணியின் போன் அடித்தது. மூன்று வருடமாக அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததில்லை. பெரியவர்.

“சாந்தாமணி, டிவி பார்த்தேன்.”

“சொல்லுங்கய்யா.”

“மாத்தி எழுதச் சொன்னது நான்தான்னு நெனைச்சுட்டு இருக்கியா?” குரல் தளர்ந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. “நான் யாரையும் உனக்குப் போன் பண்ணச் சொல்லலம்மா. அகழி முடியலைங்கறதே எனக்குத் தெரியாது. அந்தாளு காட்டுக்குள்ளதான் செத்தான்னு நாலு வருஷமா நானும் நம்பிட்டு இருக்கேன்.”

பதினொரு வருடம் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் இருந்தவர் சாந்தாமணி. கோபமா, களைப்பா, மறைக்கிறாரா என்பதை ஒரு சொல்லில் கண்டுபிடித்துவிடுவார். இப்போது மூச்சு இரைப்புக்கு நடுவே அவரால் எதையும் பிடிக்க முடியவில்லை. ஒன்று, கிருபாசங்கர் காலையில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பொய் சொல்லியிருக்க வேண்டும். அல்லது, இந்த மனிதர் இப்போது பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பின்சீட்டிலிருந்து அக்ஷயா, “யாருங்கம்மா?” என்று மெல்லக் கேட்டாள். சாந்தாமணி கையமர்த்தினார்.

“இப்ப எங்கிட்டச் சொன்னத அப்படியே கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா ஐயா?”

பதில் வரவில்லை. இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் டிவியில் மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. பெரியவரின் மூச்சு இரைப்புக்குப் பின்னால், ‘மாத்தி எழுதச் சொன்னது யாரு மேடம்?’ என்ற பிரீத்திகாவின் கேள்வி மங்கலாகக் கேட்டது.

“ஐயா, கேக்குதுங்களா?” என்றார் சாந்தாமணி.